பதினோராவது குரல்

அவளுக்குக் காதுதான் சோறு போட்டது. விரிகுடாவின் கரையில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில், டால்பின்கள் தண்ணீருக்கடியில் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்பது ஆறு வருடமாக அவள் வேலை. நிலையத்துக்குத் தலைவி அவளுடைய அக்கா. படகு ஓட்டுவது அக்காவின் கணவர். வீட்டுச் சண்டையையும் ஆபீஸ் சண்டையையும் ஒரே மேஜையில் முடித்துக்கொள்ளலாம் என்பது அந்த ஏற்பாட்டின் வசதி. மாமா தன் கொழுந்தியாளுக்கு வைத்த பட்டப்பெயர் பாம்புக்காது.

சும்மா சொல்லக் கூடாது, பட்டம் பொருத்தம்தான். மத்தியான வேளையில் படகை நிறுத்தி, மைக்கை நீரில் இறக்கி, ஹெட்போனை மாட்டிக்கொண்டாளென்றால் ஆள் இந்த உலகத்தில் இல்லை. அடியில் எங்கோ இறால் கூட்டம் கடுகு வெடிப்பதுபோல் சடசடக்கும். அதன் நடுவே சீழ்க்கைகள் மெல்லிசாக, நூல் நூலாக மிதந்து வரும். ஒவ்வொரு டால்பினுக்கும் தனக்கென்று ஒரு சீழ்க்கை உண்டு, பெயர் என்றே வைத்துக்கொள்ளலாம். கண்ணைத் திறக்காமலே, இது முதுகில் தழும்புள்ள கீறல், இது கீறலின் குட்டி பொடிசு என்று தான் வைத்த பெயர்களைச் சொல்லிக்கொண்டே போவாள். கொஞ்ச நேரத்தில் விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்றே தெரியாது. கால் இரண்டும் கரைந்துபோய், தானும் அந்தப் பச்சை வெளிச்சத்துக்குள் எங்கோ தொங்கிக்கொண்டிருப்பதாக இருக்கும். அந்த மயக்கத்துக்காகவே அவள் கல்யாணப் பேச்சைக்கூட இரண்டு தடவை தள்ளிப்போட்டாள்.

குடாவில் மொத்தம் பதினொரு டால்பின்கள். எதிர்க்கரையில் புதிய கப்பல் துறைக்காக இரும்புத் தூண்களைக் கடலடியில் அறைந்துகொண்டிருந்தார்கள். மேலே கேட்டால் டொக் டொக், நீருக்குள் கேட்டால் மண்டை பிளக்கும். அந்த வேலையால் டால்பின்களுக்குக் கெடுதல் இல்லை என்று நிலையம் நான்கு மாதத்துக்கொரு முறை எழுதித் தர வேண்டும். ஒன்று குறைந்தாலும் சம்மட்டி நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தம். இந்த முறையும் பதினொரு குரலும் கேட்டன என்று எழுதி முடித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை அக்கா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

புதன்கிழமை காலையில் மாமா படகைக் கழுவிக்கொண்டே, பொடிசைக் கண்ணால் பார்த்து ரொம்ப நாளாகிறது என்றார். தூண் இறக்கிக் கலக்கிய தண்ணீரில் எதைத்தான் பார்ப்பீர்கள், நான் நேற்றுக்கூடக் கேட்டேன் என்று இவள் சிரித்தாள். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய் என்று அவர் பழமொழியை எடுத்துவிட்டார். காதைச் சொன்னதும் அவளுக்குச் சுருக்கென்றது. இவரை இன்று ஒரு வழி பண்ணுகிறேன் என்று பழைய பதிவுகளையெல்லாம் எடுத்து வைத்து உட்கார்ந்தாள்.

ஒரு வழியானது அவள்தான். முன்பெல்லாம் தாயும் குட்டியும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து சந்தைக் கடையாய் இரைவார்கள். இந்த இரண்டு மாதத்தில் அந்த இரண்டு சீழ்க்கையும் ஒரு தடவைகூட ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை. பொடிசின் சீழ்க்கையும் சற்றே தடித்து, கடைசியில் கீறலைப்போலவே இழுத்து முடிந்தது. குட்டியைத் தேடும் தாய், குட்டியின் சீழ்க்கையைத்தான் தானும் அடித்துக் கூப்பிடும். இது அவள் தொழிலில் அரிச்சுவடிப் பாடம். பேசியது பொடிசு அல்ல. கீறல் பொடிசைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பெற்றவள் பிள்ளையைக் காணோமென்று கதறிய ஒவ்வொரு தடவையும், பிள்ளை சௌக்கியம் என்று இவள் நோட்டில் குறித்திருக்கிறாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இது அடி சறுக்கிய கதையா? குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அக்கா திட்டவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "நான் நம்புறேன்டி. ஆனா நேத்து வரைக்கும் பதினொண்ணுன்னு எழுதினது நீதானேன்னு துறை கட்டுறவங்க கேப்பாங்க. ஒரே ஒரு வழி இருக்கு, உனக்கே தெரியும்" என்றாள்.

அந்த வழி, பொடிசின் பழைய குரலை நீருக்குள் ஒலிக்கவிடுவது. குட்டி பக்கத்திலேயே இருந்தால் தாய் திரும்பிக்கூடப் பார்க்காது, காணாமல் போயிருந்தால் தேடி ஓடி வரும். எந்த டால்பினின் பெயரையும் நீருக்குள் போட்டுக் காட்டக் கூடாது என்று நிலையத்தில் விதி இருந்தது. விதியை எழுதியவளும் இவள்தான்.

வியாழன் மத்தியானம், சம்மட்டிக்காரர்கள் சாப்பிடப் போன நேரம். காற்றே இல்லை. கடல் தூங்குகிறாற்போல் கிடந்தது. ஒலிபெருக்கியை இறக்கிப் பொத்தானை ஒரே ஒரு தடவை அழுத்தினாள். இரண்டு விநாடி சீழ்க்கை. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு குடாவின் வாயிலிருந்து கீறல் வந்தது. வளைந்து நெளிந்து விளையாடி வருகிற பிராணி, அன்று கோடு போட்டாற்போல் வந்தது. ஒலிபெருக்கியைச் சுற்றிச் சுற்றி மூக்கால் முட்டியது. படகின் அடியில் புகுந்து புறப்பட்டது. மாமா எல்லாவற்றையும் கேமராவில் படம் பிடித்தார். ஒலிபெருக்கியைத் தூக்கிய பிறகும் அது நிலையத்தின் படகுத்துறைவரை கூடவே வந்தது.

அறிக்கை பத்து என்றே போனது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. திங்கட்கிழமை சம்மட்டி நின்றது. எப்போதோ கேட்ட அமைதி குடாவுக்குத் திரும்பி, ஹெட்போனில் மறுபடி கடுகு வெடித்தது, நூல் நூலாகப் பேச்சு மிதந்தது. அக்கா அவளைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கீறல் அந்தப் படகை விடவில்லை. மோட்டார் சத்தம் கேட்டதும் துறைக்கே வந்துவிடும். இரை தேடப் போகாமல் இளைத்துக்கொண்டு வந்தது. ஒரு மத்தியானம் மாமா இன்ஜினை அணைத்துவிட்டு, "என்னதான் சொல்லுது?" என்று கேட்டார்.

"பொடிசோட பேரச் சொல்லுது. அப்புறம் சும்மா இருக்கு, பதில் வருமான்னு. திரும்பச் சொல்லுது. படகுக்குள்ளதான் புள்ள இருக்குன்னு நினைக்குது, மாமா."

மாமா தழும்பு விழுந்த அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் தாங்க முடியவில்லை. "ஒரே ஒரு தடவ போட்டுத்தான் தொலையேன்."

"போட்டா நாளைக்கும் வரும்."

போடவில்லை. மறுநாளும் வந்தது.