திரைக்குப் பின்னால் இருந்த மூன்றுகள்

“இப்ப நல்லா தெரியுதா, முன்னாடி நல்லா தெரிஞ்சுதா?”

“முன்னாடிதாம்மா. இல்ல... இப்பவா?”

நாற்காலியில் இருந்தவர் கண் சோதனைக்கான கண்ணாடிச் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு சுவரிலிருந்த எழுத்துகளோடு மல்லுக்கட்டினார். அவர் யோசித்து முடிப்பதற்குள் ஒரு கணக்கே போட்டுவிடலாம் என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி மேசையிலிருந்த பழைய கால்குலேட்டரை எடுத்தாள். ஒன்றை மூன்றால் வகுத்தாள். சிவப்பில் 0.3333333 வந்தது.

“ரெண்டாவது வரி கலங்குதும்மா.”

வில்லையை மாற்றிவிட்டுத் திரும்பினால் எண்கள் அணைந்து, ஓரத்தில் ஒற்றைப் புள்ளி மட்டும் எரிந்தது. அவள் விரல் பாட்டுக்கு எண்ணை மறுபடி தட்டத் தொடங்கியது. பூஜ்யம், புள்ளி, மூன்று, மூன்று...

“அடிப் பாவி!” என்றாள் தன்னையே.

“நானாம்மா?”

“நீங்க இல்லைங்க. நான்தான்!”

பழைய கால்குலேட்டர் சேகரிப்பது அவளுக்கு ஒரு பைத்தியம். அவளிடம் இருந்தவற்றில் பாதி கிழட்டு மெஷின்கள். திரை அணைந்தால் எண்ணும் போச்சு. மறுபடி தட்டத்தான் வேண்டும். அந்தப் பழக்கம் கையில் ஊறிவிட்டது. ஆனால் புள்ளியை எரியவிடுகிற ரகம் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் திரையைத்தான் அணைக்கும். எண் உள்ளே பத்திரமாக இருக்கும். பேசாமல் பெருக்கல் பொத்தானை அமுக்கினால் போதும்.

போன வாரம், இதேபோலப் புள்ளி எரிகிற ஒரு கறுப்பு மெஷினைச் சோதித்தபோதும் யாரோ கடைக்கு வந்தார்கள். திரை அணைந்தது. அவள் மறுபடி தட்டினாள்!

அந்தக் கறுப்பு ரகத்துக்குக் கூடு ஒன்று. உள்ளே கணக்குப் போடுகிற சில்லு மட்டும் இரண்டு விதம். சாதாரணச் சில்லுக்குத் திரையில் தெரிவதோடு சரி. ஒன்றை மூன்றால் வகுத்து மூன்றால் பெருக்கினால் 0.9999999 என்று முக்கிக்கொண்டு நிற்கும். இன்னொன்று திரைக்குப் பின்னால் மேலும் சில மூன்றுகளை ஒளித்துவைத்திருந்து, சுத்தமாக ஒன்று என்று காட்டும். அப்படி ஒன்றைச் சேகரிப்பாளர் கூட்டத்தில் எல்லோரும் பேசுவார்களே தவிர, ஒருத்தரும் கண்ணால் கண்டதில்லை. அவள் பதினோரு வருஷமாகத் தேடுகிறாள். அவளுடையது 0.9999999 காட்டியது. அவளே தட்டிய ஏழு மூன்றுகளைப் பெருக்கினால் எந்தச் சில்லும் அதைத்தானே காட்டும்! அது தோன்றாமல், சாதாரணம்தான் என்று நினைத்து அக்கா புருஷனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அவரிடமும் அதே ரகம் ஒன்று உண்டு, அதில் ஏழாம் எண் பொத்தான் வேலை செய்யவில்லை. இதை அறுத்து, பொத்தான் பலகையை எடுத்துக்கொள்ளப் போகிறார். ஒட்டி மூடிய கூடு. அறுத்தால் பிழைப்பது சந்தேகம்.

போன் போட்டாள். அக்காதான் எடுத்தாள்.

“அக்கா, அத்தான் எங்க?”

“ஏண்டி, நான் எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டியா?”

“நல்லாத்தான் இருப்ப. அத்தான் எங்க?”

“பட்டறையிலதான். ஏதோ கறுப்பு டப்பாவை அறுக்கிறேன்னு போனாரு.”

“ஓடு! போய்க் கையைப் பிடி!”

“யார் கையை?”

அவள் போனை வைத்தாள். செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் தெருவில் இறங்கினாள். பின்னாலேயே ஒரு குரல்.

“ஏம்மா! எனக்கு எது சரின்னு சொல்லிட்டுப் போம்மா!”

சட்டத்தை மூக்கில் சுமந்தபடி அவரும் ஓடி வந்தார்.

அத்தானின் பூட்டுப் பட்டறையில் சாவி தேய்க்கிற இயந்திரம் அலறிக்கொண்டிருந்தது. அத்தான் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். கையில் மெல்லிய ரம்பம்.

“அத்தான்! நிறுத்துங்க!”

காதில் விழவில்லை. சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டினாள். பட்டறையே ஊமையாயிற்று. அவர் திரும்பினார்.

“என்ன மச்சினி, வீடு பத்திக்கிச்சா?”

“அறுத்துட்டீங்களா?”

“ஒரு பக்கந்தான் முடிஞ்சுது.”

கறுப்பு மெஷின் ஒரு பக்கம் வாய் பிளந்து கிடந்தது. திரை அணைந்ததையும் மறுபடி தட்டியதையும் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். அத்தான் ரம்பத்தைப் பாம்பை விடுவதுபோலக் கீழே வைத்தார். அவரும் அதே பைத்தியம்தானே.

“பேட்டரி எங்க? பேட்டரி!”

“உங்க சட்டைப் பையில” என்றாள் அதற்குள் வந்து சேர்ந்த அக்கா.

பேட்டரியைப் போட்டார்கள். சுவிட்சைத் தள்ளினாள். திரை இருட்டு. அத்தான் கூட்டை இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்திப் பிடித்தார். சிவப்பாக ஒரு பூஜ்யம் எழுந்து உட்கார்ந்தது.

ஒன்று. வகுத்தல். மூன்று. 0.3333333.

“பெருக்கு, பெருக்கு” என்றார் அத்தான்.

“இருங்க. போன வாரம் மாதிரியே செய்யணும். அணையட்டும்.”

நாலு பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எண்கள் அணைந்தன, புள்ளி எரிந்தது. அவள் பெருக்கலை அமுக்கினாள். மூன்றை அமுக்கினாள். சமக்குறியை அமுக்கிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“சொல்லுங்களேன் யாராவது!”

“பொடி எழுத்துடி” என்றாள் அக்கா.

சோதனைச் சட்டக்காரர் குனிந்தார். “ஒண்ணும்மா.”

“ஒண்ணு மட்டுமா? ஒன்பது ஏதாவது இருக்கா?”

“ஒன்பதுமில்ல, ஒரு மண்ணுமில்ல. ஒத்தை ஒண்ணு. பளிச்சுன்னு தெரியுது!”

அவள் போட்ட கூச்சலில் அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அத்தான் ஏழால் வகுக்கச் சொன்னார். ஏழால் பெருக்கினால் ஒன்று. ஒன்பது, பதினொன்று, பதிமூன்று. ஒன்று, ஒன்று, ஒன்று.

“குடுத்த பொருளைத் திரும்பக் கேக்கிறது நல்லாவா இருக்கு, மச்சினி?”

“என் அலமாரியில எது வேணும்னாலும் எடுத்துக்கோங்க, அத்தான்.”

“எதுவுமா?”

அவள் மனசுக்குள் அலமாரியை ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டாள். “எதுவும்.”

அவர் யோசிப்பதுபோலப் பாவனை செய்தார். அக்கா முறைத்தாள்.

“சரி, எடுத்துட்டுப் போ. ஆனா கூட்டத்துல காட்டும்போது பொத்தானை நான்தான் அமுக்குவேன்.”

“தாராளமா அமுக்குங்க. திரை அணைஞ்சா மட்டும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்.”

“அதெல்லாம் நிப்பேன்” என்றார் அவர். அதற்குள் விரல் பதினேழைத் தட்டிக்கொண்டிருந்தது.