ஆர்வில் விட்டுப்போன பூட்ஸ்

1953 அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு டெல்ஃபியா ஹென்ஸ்லி சுட்ட குண்டு, அடுத்த வியாழக்கிழமை பிற்பகல் மூன்றேகாலுக்கு இலக்குப் பலகையின் நட்டநடுவில் வந்து பாய்ந்தது. கென்டக்கி மலைகளுக்குள் கிடக்கும் எங்கள் கோல்ட்வாட்டர் பள்ளத்தாக்கில் அந்த வாரம் வேறு விசேஷம் என்றால், சர்ச் கூரையில் ஒரு தகரம் பறந்ததுதான். அந்தச் சனிக்கிழமை நடந்தது மாட்டிறைச்சிக்கான சுடும் பந்தயம். ஒரு மாட்டை வெட்டி, நன்றாகச் சுடும் நான்கு பேருக்கு ஆளுக்குக் கால் பங்கு இறைச்சி. ஐந்தாவது ஆளுக்குத் தோலும் கொழுப்பும். பாட்டன் காலத்து நீளத் துப்பாக்கியால்தான் சுட வேண்டும். அதன் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, கொழுப்பில் ஊறிய தோல் தக்கை ஒன்றை அதன்மேல் வைத்து, அப்புறம் ஈயக்குண்டை இறக்கிக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். மருந்தின் நெருப்பு குண்டை அண்டாமல் தக்கை பார்த்துக்கொள்ளும். தக்கையைக் கடையில் வாங்குகிறவனை எங்கள் துப்பாக்கிச் சங்கம் மனிதனாகவே மதிப்பதில்லை. பழைய சேணம், அறுந்த பெல்ட் என்று கையில் கிடைத்ததை வட்டவட்டமாக வெட்டிக்கொள்வோம். டெல்ஃபியாவின் வீட்டில் இருந்த தோல், புருஷன் ஆர்வில் விட்டுப்போன பழைய பூட்ஸ் ஒரு ஜோடிதான்.

ஆர்வில் தன் கல்யாணத்துக்கே மூன்று நாள் தாமதமாக வந்தவன். அந்த மூன்று நாளும் பாதிரியார் பெண் வீட்டில் உட்கார்ந்து கோழி கோழியாகத் தின்று தீர்த்தார். தகப்பனை அடக்கம் செய்ய அவன் வந்து சேர்ந்தபோது கல்லறையில் புல் முளைத்திருந்தது. ஆனால் வந்தான், அதைச் சொல்லியாக வேண்டும். 1947 ஜனவரியில் வேலிக்கு ஆணி வாங்கி வருகிறேன் என்று புது பூட்ஸ் மாட்டிக்கொண்டு டவுனுக்குப் போனவன் திரும்பவில்லை. டெல்ஃபியாவுக்கு அவன்மேல் கொலைவெறி இருந்தது. அவன் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடப்பது தாங்கவும் முடியவில்லை. இரண்டையும் யாரிடமும் மறைக்கவில்லை. ஆர்விலின் தகப்பன் எழுதிவைத்த பத்திரப்படி, ஆர்வில் செத்தால் வீடும் மலைச்சரிவும் அவன் தம்பி டாயிலுக்குப் போகும். ஏழு வருஷம் ஆளைக் காணவில்லை என்றால் செத்தவன் என்று கோர்ட்டில் எழுதி வாங்கிவிடலாம். டாயில் பாசக்காரன். ஆறாவது வருஷமே கறுப்புக் கோட்டு தைத்து வைத்துக்கொண்டு அண்ணனுக்காக அழத் தொடங்கிவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை சங்கத் தலைவர் க்ளெல் சைஸ்மோர் பலகையை உற்றுப் பார்த்து, ஓட்டையே இல்லை என்று அறிவித்தார். எல்லோரும் சிரித்தோம், இறைச்சியைப் பங்குபோட்டுத் தின்றோம். வியாழக்கிழமை அவர் பலகையைக் கழற்றப் போனபோது குண்டு அவர் காதோரமாக, ஒரு அவசரமும் இல்லாமல் போய்ப் பதிந்ததாம். கக்கூஸ் கதவை மாற்ற இரண்டு வருஷம் விவாதித்த எங்கள் கமிட்டி, இதை ஒரே மாலையில் முடித்தது: குறி சரி, முதல் பரிசு டெல்ஃபியாவுக்கு, இறைச்சி தீர்ந்துவிட்டதால் மனமார்ந்த பாராட்டு. நவம்பரில் அவள் சுட்டது ஒன்பது நாள் கழித்து வந்தது, அதுவும் நட்டநடுவில். க்ளெல் விசாரிக்கப் போனார்.

“தக்கை என்ன தோலு டெல்ஃபி?”

“ஆர்விலோட பழைய பூட்ஸ்.”

“அட, அவன் பூட்ஸா? அப்ப சரி. நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்.”

அதோடு விஷயம் முடிந்தது. டெல்ஃபியாவின் குண்டு வந்துகொண்டிருக்கிறது, குறுக்கே போகாதீர் என்று ஒரு பலகை எழுதி நட்டோம்.

ஜனவரியில் டாயில் கறுப்புக் கோட்டோடு கோர்ட்டுக்குப் போனான். டெல்ஃபியா இலக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் நீதிபதியின் மேஜைமேல் போட்டாள். “லேட்டாத்தான் வருவான். வராம இருந்தது கிடையாதுங்க” என்றாள். நீதிபதியும் எங்கள் சங்கத்துக்காரர்தான், சாட்சியத்தின் தரம் தெரிந்தவர். அதே தோலில் இன்னொரு குண்டு சுட வேண்டும், நடுவில் பட்டால் ஆர்வில் உயிரோடு இருக்கிறான், தவறினால் செத்தான், குண்டு வந்து சேரும்வரை அவன் இரண்டும் இல்லை, வீடு இருக்கிறபடியே இருக்கும் என்று தீர்ப்பு எழுதினார். ஒன்பது நாள்தானே என்று டாயில் சந்தோஷமாகத் தலையாட்டினான். இதுவரை டெல்ஃபியா பூட்ஸின் மேல்தோலில்தான் தக்கை வெட்டியிருந்தாள். இந்தமுறை அடித்தோலில் வெட்டினாள், ஊரெல்லாம் சுற்றித் தேய்ந்த இடமாகப் பார்த்து. தெரிந்துதான் செய்தாளா என்று நாங்கள் கேட்கவில்லை.

குண்டு பறந்தது. குறி தவறினால் சாட்சி சொல்ல வேண்டுமே என்று டாயில் பலகைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தான். ஒன்பது நாள் போயிற்று, அப்புறம் ஏழு வருஷம் போயிற்று. கறுப்புக் கோட்டு வெயிலில் வெளுத்துப் பழுப்பானது.

1961 ஏப்ரலில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஆர்வில் ஒரு பை ஆணியோடு வாசலில் வந்து நின்றான். நல்ல ஆணி கிடைக்கவில்லை என்று காரணம் சொன்னான். டெல்ஃபியா மாவுக் கையோடு கதவை மறித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது, ஆனால் நகரவில்லை.

“நீ உசுரோட இருக்கியா இல்லியான்னு கோர்ட்டு இன்னும் முடிவு பண்ணல. பதினாலு வருஷம் நான் வாசலப் பாத்துக் கெடந்தேன். போ, போய் உன் தம்பி பக்கத்துல உக்காரு. குண்டு வரட்டும், அப்புறம் உள்ள வா.”

ஆர்வில் ஆணிப் பையை வாசலிலேயே வைத்தான். நாற்காலி ஒன்றை எடுத்துக்கொண்டு போனான். டாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். அன்றிலிருந்து மத்தியானம் சோள ரொட்டியும் பீன்ஸும் இரண்டு தட்டில் அங்கேயே போகின்றன. போன வசந்தத்திலிருந்து மூன்று தட்டு, மூன்று நாற்காலி. குண்டு வருவதைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்கிறாள் டெல்ஃபியா. குண்டுக்குக் குறுக்கே போகாமல் நாங்கள் ஓடையோரமாகச் சுற்றிப் போகிறோம்.