உள்ளே விட்ட துணி

டேப்பக்கா புதுக் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டுக் கட்டைவிரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டாள். கொப்புளம் உடைந்துவிட்டது. பழைய கத்தரிக்கோலாக இருந்தால் இந்த வெள்ளைத் துணி இவ்வளவு முரண்டு பிடித்திருக்காது. அது போலீஸில் இருக்கிறது, உறைக்குள் போட்டு அரக்கு வைத்து. திரும்பிக் கொடுத்தாலும் அவள் இனி அதைத் தொடப்போவதில்லை.

தெருவில் அவளுக்கு அந்தப் பேர் வைத்ததே கிண்டலுக்குத்தான். கழுத்தில் எந்நேரமும் டேப் தொங்கும். அதை எடுத்து அவள் அளந்ததை யாரும் பார்த்ததில்லை. ஆளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பாள், "சரி, வியாழக்கிழமை வாங்க" என்பாள். வியாழக்கிழமை சட்டை அச்சு அசலாக உட்காரும். குழந்தைகள் உடுப்பு என்றால் மட்டும் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விட்டுத்தான் தைப்பாள். வளர்கிற பிள்ளைகள்; பிறகு பிரித்து விட்டால் அதே சட்டை இன்னொரு வருஷம் ஓடும். பெரியவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. "நீங்க இனிமே பக்கவாட்டுலதான் வளருவீங்க, அதுக்கெல்லாம் துணி விட முடியாது" என்பாள். கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அதெல்லாம் கடைக்கு ஆள் வந்துகொண்டிருந்த காலத்தில்.

இந்த வெள்ளைச் சட்டை அவள் மகனுக்கு. பிறந்தபோது முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் அடங்கிவிட்டான் என்று பொடிசு என்று கூப்பிட ஆரம்பித்தது. பதினாறு தாண்டியும் பொடிசுதான். நாளைக்கு அவனைக் கோர்ட்டுக்குக் கூட்டி வருகிறார்கள். வக்கீலம்மா கடைக்கே வந்து பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"அக்கா, அவன் செஞ்சானா இல்லையான்னு நாளைக்கு யாரும் கேக்கப்போறதில்ல. அதை அவனே ஒத்துக்கிட்டான். சின்னப் பசங்க கோர்ட்டுலயே வெச்சுக்கிறதா, பெரியவங்க கோர்ட்டுக்கு அனுப்பறதா, அது ஒண்ணுதான் முடிவாகும். இங்கன்னா கொஞ்ச வருஷம் சீர்திருத்த இல்லத்துல இருந்துட்டு வந்துடுவான். அங்க போயிட்டா..." வக்கீலம்மா கைப்பையின் பட்டையைச் சரி செய்தார். "பாத்ததும் சின்னப் பையன்னு தோணற மாதிரி ஏதாவது போட்டு விடுங்க."

இதைவிடச் சுலபமான வேலை அவளுக்கு உண்டா? தோளைக் கொஞ்சம் இறக்கி, கையை மணிக்கட்டுக்குக் கீழே விட்டு, காலரை லூசாக வைத்தால் எவனும் நாலு வயது குறைந்துதான் தெரிவான். பெற்ற பிள்ளையின் அளவு தனக்குத் தெரியாதா என்று மனக்கணக்கில் உள்ளதோடு இரண்டு இஞ்சு கூட்டி வெட்டினாள். பக்கத் தையலுக்கு வந்தபோது கை பழக்கத்தில் இரண்டு விரல் தள்ளி நின்றது. ஒரே ஒரு நாள் போடப்போகிற சட்டை, இதற்கு எதற்கு? அவன் இதற்குமேல் வளரவே வேண்டாம், இப்படியே இருந்துவிடட்டும் கடவுளே என்று முணுமுணுத்துக்கொண்டு தையலை ஒட்டியே வெட்டிவிட்டாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் ஆணியில் ஒரு நீலப் பள்ளிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு டீச்சருடைய மகனின் சட்டை. பையன் மளமளவென்று வளர்கிறான், பிரித்து விடுங்கள் என்று டீச்சர் கொடுத்தது. ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அதன் கடைசித் தையலை ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் பொடிசு வேகமாக உள்ளே வந்தான், மேசையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தான். "எங்கடா எடுத்துட்டுப் போற?" என்றாள், தலையைத் தூக்காமல். "தோ வந்துடறேம்மா." மைதானத்தில் டீச்சர் மகன் ஏதோ ஒரு படத்தைப் போனில் காட்டியிருக்கிறான், பொடிசைப் பார்த்து நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். இவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் ஒரு பிள்ளையைக் கொல்லுவானா ஒருத்தன்? ஆனால் கொன்றுவிட்டான். ஊரே கேட்ட அந்தக் கேள்வியை அவளும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தாள்.

மறுநாள் சட்டையைக் காவலரிடம் கொடுத்தனுப்பிவிட்டுக் கோர்ட்டு நடைபாதையில் காத்திருந்தாள். கதவைத் திறந்துகொண்டு வந்தவனை முதலில் வேறு யாரோ என்றுதான் நினைத்தாள். அவனை வைத்திருந்த இல்லத்தில் பார்க்கப் போகும்போதெல்லாம் நீள மேசைக்கு அந்தப் பக்கம் அவனை முன்பே உட்கார வைத்திருப்பார்கள். தலையைக் குனிந்துகொண்டே பேசுவான். நேரம் முடிந்ததும் இவளைத்தான் முதலில் வெளியே அனுப்புவார்கள். இந்த ஏழெட்டு மாதத்தில் அவன் எழுந்து நின்று ஒருமுறைகூட அவள் பார்க்கவில்லை. இரண்டு இஞ்சு கூட்டித் தைத்த சட்டை அவன் நெஞ்சை இறுக்கிப் பிடித்திருந்தது. கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிக் கிடந்தது. மேல் பட்டன் போடவே முடியவில்லை. அதற்குமேல் ஒரு தடித்த ஆம்பிளைக் கழுத்து, மீசை வேறு.

"அம்மா, டைட்டா இருக்கும்மா" என்றான். குரல் உடைந்து கரகரத்தது.

அவசரமாகச் சட்டை ஓரத்தைத் தூக்கி உள்ளே பார்த்தாள். பிரித்து விடுவதற்கு நூல் அளவு துணிகூட இல்லை. அவள் கையாலேயே வெட்டிப் போட்டது.

"கைய மட்டும் மேல தூக்காதடா கண்ணு."

நீதிபதி வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். வக்கீலம்மா சொல்லிக்கொடுத்தபடி பொடிசு கையைத் தூக்கிக் கும்பிட்டான். அக்குளில் தையல் விட்ட சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது. நீதிபதி கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். ஐயா, சட்டைதான் சின்னது, அவனும் சின்னவன்தான் என்று எழுந்து சொல்ல அவளுக்கு வாய் துடித்தது.

எதிர்த் தரப்பு வக்கீல் சத்தம் போடாமல்தான் பேசினார். "சண்டை நடந்த இடத்துலேர்ந்து வீட்டுக்குப் போயிருக்கான். ஆயுதத்தை எடுத்திருக்கான். அதே வழியில திரும்பி நடந்து வந்திருக்கான். யோசிக்க அவனுக்கு அவகாசம் இருந்துச்சு." மத்தியானம் சொல்லிவிட்டார்கள். பெரியவர்கள் கோர்ட்டு. பொடிசு திரும்பி அம்மாவைத் தேடினான். பள்ளிக்கூடத்தில் முதல்நாள் விட்டுவிட்டு வந்தபோது தேடினானே, அதே மாதிரி. பிறகு அவன் தோளில் கை வைத்து உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள்.

சட்டையைப் பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை, டாக்டர் அறிக்கை இருக்கிறது, சாட்சி இருக்கிறது என்று வக்கீலம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார். டேப்பக்கா தலையை ஆட்டினாள். ஒரு வார்த்தைகூட உள்ளே இறங்கவில்லை. சிறிது நேரத்தில் காவலர் வந்து கிழிந்த வெள்ளைச் சட்டையை மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பெஞ்சின் மறுகோடியில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். பெரியவனுக்கு உள்ள தண்டனையைத்தான் கொடுக்க வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்து மனு மேல் மனுவாகப் போட்டவர். இன்றைக்கு அது நடந்துவிட்டது. ஆனாலும் எழுந்து போகாமல் இருந்தார். டேப்பக்கா வெள்ளைச் சட்டையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நல்லா வளந்துட்டான்" என்றார் டீச்சர். குரலில் கோபம்கூட இல்லை.

"டீச்சர்... மன்னிப்புக் கேக்க எனக்கு வாயில்ல."

"கேக்காதீங்க." எதிர்ச் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "நான் கேட்டது கெடச்சிருச்சு. வீட்டுக்குப் போகத்தான் கால் வரல." பிறகு, "எம் பையன் சட்டை ஒண்ணு உங்ககிட்ட இருக்கு" என்றார்.

"இருக்கு டீச்சர். எடுத்து வெச்சிருக்கேன்."

"பிரிச்சு விட்டுட்டீங்களா?"

"அன்னைக்கே விட்டுட்டேன்."

"திரும்பப் பிடிச்சுக் குடுங்க. அவன் போட்டிருந்த அளவுக்கே வேணும். பெருசா இருந்தா அது அவன் சட்டையே இல்ல." டீச்சரின் உதடு கோணியது, முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டார். "வேற யாருகிட்டயாவது குடுக்கலாம்னுதான் நெனச்சேன். பழைய கோடு எங்க இருக்குன்னு உங்களுக்குத்தானே தெரியும்."

டேப்பக்கா கடையைத் திறந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வெள்ளைச் சட்டையை மேசையில் வைத்தாள். ஆணியிலிருந்து நீலச் சட்டையை எடுத்தாள். அத்தனை மாதத்தில் அன்றுதான் அதைத் தொட்டாள். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள். மடிப்புக்குள் இருந்து அவள் பிரித்து விட்ட பட்டை மட்டும் சாயம் போகாமல் புதுத் துணி மாதிரி இருந்தது. அதன் ஓரமாகப் பழைய ஊசித் துளைகள் புள்ளி புள்ளியாய்ப் போயின. அளக்க ஒன்றும் இல்லை. கண்ணீர் சட்டையில் விழாமல் தலையைச் சாய்த்துக்கொண்டு முதல் துளையில் ஊசியை இறக்கி, மிஷினை மெதுவாக மிதித்தாள். வெளிச்சம் படாத அந்தக் கருநீலம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.