செல்லத்தாய்க்கு ஒன்றுமில்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு போட்டோவிலிருந்து திருடியது. எழுபத்தொன்பதில், மதுரை டவுன்ஹால் ரோட்டு ஸ்டூடியோ ஒன்றின் கண்ணாடிக்குப் பின்னால் அது மாட்டியிருந்தது. நாற்பது வயதுப் பெண். கழுத்தில் தாலி, உடம்பில் பட்டு, தலையில் ஒரு முடி இல்லை. மொட்டையடித்தவர்களுக்கு வரும் கூச்சமும் இல்லை. யாரிடமோ சண்டைக்கு நிற்பவளைப்போலக் கேமராவைப் பார்த்தாள். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சமயநல்லூர் செல்லத்தாய்க்குப் படிக்கத் தெரியாது. மகன் கடிதத்தைத் தபால்காரர்தான் உரக்க...’

அடித்துவிட்டேன். பட்டாளத்துக்குப் போனவனின் தாய் கைநாட்டாக இருந்தால் எழுதுகிறவனுக்கு வசதி, கண்ணீர் சுலபமாக வரும். போட்டோவில் இருந்தவள் அதற்கு ஒத்துக்கொள்கிற ஆளாகத் தெரியவில்லை. ஆகவே செல்லத்தாய் ஐந்தாவது வரை படித்தவள். தனக்கு வந்த கடிதத்தைத் தானே படிப்பாள்.

மகன் அழகுமலை வடக்கே ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குப் போயிருக்கிறான். (எந்த ஊர் என்று கேட்டால் சொல்ல மாட்டேன்.) முதல் கடிதத்தில் சாப்பாடு, குளிர், பூட்ஸ். நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி: வந்த அன்றைக்கே முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள்.

செல்லத்தாய் அந்த வரியைத் தாண்டவில்லை. அவன் தேர்வானால் அழகர்கோவிலில் அவன் முடியை இறக்குவதாக நேர்ந்திருந்தாள். நேர்ந்த முடியில் கத்தரி படக்கூடாது. ஆடி வரை வளர்க்கச் சொல்லித்தான் ரயிலேற்றினாள். பட்டாளத்துக்குப் போகிறவனிடம் முடி வளர்க்கச் சொல்வார்களா என்று கேட்பீர்கள். அவளுக்குத் தோன்றவில்லை. பையனுக்கும் சொல்ல வாய் வரவில்லை.*

* அவள் புருஷன் பேயாண்டிக்குத் தோன்றியிருக்கும். மகன் போவதே பிடிக்காத மனுஷர், நடப்பது நடக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

3

இரண்டாவது கடிதம் பென்சிலில் வந்தது. இங்கிலீஷ் வரவில்லை என்று சிரிக்கிறார்கள், ஓடினால் கால் மடங்குகிறது, சாமி முடி போனதிலிருந்து எதுவுமே கூடிவரவில்லை. ‘அம்மாவுக்குச் சீரியஸ்னு ஒரு தந்தி அடிங்க. விட்டுருவாக.’

பேயாண்டி சட்டையை மாட்டினார்.

இந்த இடத்தில் நானும் அவர் கட்சி. ராணுவக் கதையென்றால் ஒரு தந்தி வேண்டும். வழக்கமாக அது அங்கிருந்து வரும், தாய் மயங்கி விழுவாள். இங்கிருந்து போகட்டுமே என்று, ‘பேயாண்டி தந்தியாபீஸ் படியேறி...’ என எழுதவும் செய்தேன்.

செல்லத்தாய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். மகனைப் பார்க்க ஆசை இல்லாமலா? ஆனால் படுத்துக்கிடப்பதாகப் பொய் சொல்லி அவனை வரவழைக்க அவளுக்கு மனம் இல்லை.

“நா சாகக் கெடக்கேன்னு எம் பிள்ளைக்கே தந்தியா? கல்லாட்டம் நிக்கிறேன், பாருங்க.”

“சாமி குத்தம்டி. முடி அழகருக்குச் சேரல. அதான் பய அங்க படுறான்.”

“முடிதான வேணும் அவருக்கு? எங்கிட்ட இருக்கு.”

4

அழகர்கோவிலில் நாவிதர் கத்தியை எடுக்கவில்லை. கழுத்தில் தாலி உள்ளவள் மூன்று கத்தை நறுக்கிக் கொடுத்தால் போதும், அதுதான் பூமுடி, சாமி ஏற்றுக்கொள்ளும் என்றார். (வரைவில் இவரைக் கெட்டவராக்கப் பார்த்தேன். நல்ல மனுஷர், முறையைச் சொன்னார்.) ஊர் சிரிக்கும் என்று பேயாண்டி முனகினார்.

“எம் மகனுக்கு ஒட்ட எடுத்துட்டாக. எனக்கு மட்டும் என்ன பூமுடி? முழுசா எடுங்கண்ணே.”

இடுப்புவரை தொங்கிய முடி மடியில் விழுந்தபோது அழுதாள். அதையும் மறைக்கப்போவதில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, மலையைக் காக்கும் சாமி கருப்பு என்று கும்பிடுகிற மூடிய கதவுக்கு முன்னால் போய் நின்றாள். நீயும் காவல்காரன், என் மகனும் காவல்காரன், நேர்த்தி தீர்ந்தது, இனி அவனைத் தொந்தரவு செய்யாதே என்று சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள்.

திரும்புகிற வழியில் டவுனில் இறங்கி ஸ்டூடியோவுக்கு நடந்தாள். பேயாண்டி நாலடி பின்னால் வந்தார்.

5

போட்டோவோடு அவள் கவரில் வைத்தது:

‘அழகருக்குச் சேர வேண்டியது சேந்துருச்சு. இனிமே சாமி மேல பழியப் போடாத. இருக்கதும் வாரதும் ஒன் இஷ்டம். வந்தாச் சோறு இருக்கு. ஆனா எனக்குச் சொகமில்லைன்னு சொல்லிக்கிட்டு வராத. எனக்கு ஒண்ணுமில்ல.’

6

முடிவாக, தோளில் நட்சத்திரத்தோடு அழகுமலை விறைப்பாகச் சல்யூட் அடிப்பதை எழுதினேன். ஆளெடுப்பு விளம்பரம் மாதிரி இருந்தது. கிழித்தேன். சமயநல்லூரில் டிரங்குப் பெட்டியோடு இறங்கி, தலை குனிந்து சாப்பிடுவதை எழுதினேன். அதில் என்ன அவமானம் என்று செல்லத்தாயே கேட்பாள். அதையும் கிழித்தேன்.

இனி உங்கள் பாடு. அவனை அங்கேயே இருக்கச் செய்யுங்கள், ரயிலேற்றுங்கள், பென்சிலைக் கடித்துக்கொண்டு இன்னொரு கடிதம் எழுத வையுங்கள். நான் குறுக்கே வர மாட்டேன். செல்லத்தாய் படுத்துவிட்டாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அவளுக்குப் படிக்கத் தெரியும்.