கடைசி பெஞ்சில் கடி டீச்சர்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சருக்குக் 'கடி டீச்சர்' என்றுதான் பெயர். பாடம் நடத்துகிற மூச்சிலேயே கடி ஜோக்கும் அடிப்பார். விடைத்தாள் கொடுக்கும் நாளில், "உங்க பேப்பர்ல நிறை எங்கயாவது இருக்குதான்னு தேடினேன். குறைதான் நிறைய இருக்கு" என்பார். பிள்ளைகள் தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ, போதும் டீச்சர்" என்று கத்துவார்கள். அந்தக் கத்தல்தான் அவருக்குக் கைதட்டல்.

வீட்டில் அவரும் அவருடைய அக்காவும் மட்டும்தான். இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலையில் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது, அன்றைக்குச் சொல்லப்போகும் கடியை டீச்சர் முதலில் அவளிடம் சொல்லிப் பார்ப்பார். அக்கா சிரித்ததே கிடையாது. "இதைக் கேட்டுட்டு அந்தப் புள்ளைங்க உன்னைக் கல்லால அடிக்காம எப்படிடி விடுதுங்க?" என்று முகத்தைச் சுளிப்பாள். சுளித்தால் அந்தக் கடி தேறிவிட்டது என்று அர்த்தம்.

ஒரு மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா அப்படியே கட்டிலில் சாய்ந்தாள். அவ்வளவுதான். டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது பாதித் துணி மடித்திருந்தது, பாதி அப்படியே கிடந்தது.

அழுகை வரும் என்று உறவுக்காரர்கள் எல்லோரும் காத்திருந்தார்கள். டீச்சரும்தான் காத்திருந்தார். "மனசுல வெச்சுக்காதே, அழுது தீர்த்துடு" என்றாள் சித்தி. மனசில் என்ன இருக்கிறது என்று டீச்சர் தேடிப்பார்த்தார். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதடு இருக்குமே, அது மாதிரி இருந்தது. தொட்டால் தொட்டது தெரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை.

உறவினர்கள் கிளம்பியதும் அவர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார். ஒன்பதாம் வகுப்பில் ஒளிப் பாடம். புத்தகத்தில் இருப்பதை வரி பிசகாமல் நடத்தினார். பிள்ளைகளுக்கு விஷயம் தெரியும். முதல் நாள் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் நாள், எப்போதும் முன் வரிசையில் இருக்கும் ஒரு பையன் தைரியமாக எழுந்தான்.

"டீச்சர், ஒளி ஏன் நேர்கோட்டுல போகுது?"

அது அவருடைய பழைய கடிக்கான கேள்வி. ஒளிக்கு ஒளியத் தெரியாது, அதனால்தான் நேராகப் போகிறது என்பார். போன வருஷம் படித்தவர்கள்கூடச் சொல்லித் திரிந்த கடி. வகுப்பே கத்துவதற்கு வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தது.

"அது அடுத்த பக்கத்துல இருக்கு. உக்காரு" என்றார் டீச்சர்.

பிறகு அவர் கை தவறிச் சாக்பீஸ் கீழே விழுந்தது. நாலைந்து பேர் வலுக்கட்டாயமாகச் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று டீச்சருக்குப் புரிந்தது. புரிந்ததே தவிர, நெகிழ்ச்சியும் வரவில்லை, கோபமும் வரவில்லை. குனிந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு நாள் ஆசிரியர் அறையில் கை கழுவப் போனவர், குழாயைத் திறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். மணி அடித்தது காதில் விழுந்தது. அது தனக்கான மணி என்று தோன்றவில்லை. கணக்கு வாத்தியார் வந்து, "டீச்சர், உங்களுக்கு இப்ப கிளாஸ் இல்லையா?" என்று கேட்ட பிறகுதான் நடந்தார்.

வகுப்பை நெருங்கும்போது உள்ளே அவருடைய சொந்தக் குரலே கேட்டது.

"ஆடின்னா கண்ணாடி. ஆடி முன்னாடி நின்னு ஆடாதே. ஆடினா அதுவும் ஆடும், அப்புறம் யாரு நிறுத்துறது?"

அதே இழுப்பு, அதே இருமல். சன்னல் வழியாகப் பார்த்தார். யார் குரலிலும் பேசுவாள் என்பதால் வகுப்பு 'ரேடியோ' என்று பெயர் வைத்திருந்த பெண், யாருடைய கண்ணாடியையோ மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, துப்பட்டாவை முந்தானையாகச் செருகிக்கொண்டு, கரும்பலகை முன் நின்றிருந்தாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது.

டீச்சர் வாசலுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. ரேடியோவின் கை கண்ணாடியைக் கழற்றப் போய்ப் பாதியில் நின்றது.

"சாரி டீச்சர். இவங்கதான் செய்யச் சொன்னாங்க. நெசமா கிண்டல் இல்ல டீச்சர்."

"ஏன் நிறுத்திட்டே? நடத்து."

"டீச்சர்..."

"என்னால நிக்க முடியல. நடத்து."

அவர் நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பையன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

ரேடியோ சாக்பீஸை எடுத்தாள். முதலில் பேச்சு சொந்தக் குரலில்தான் வந்தது. ஆடிக்கு ஒரு கோடு போட்டு, அதன்மேல் சாய்வாக இன்னொரு கோடு இழுத்து, இரண்டுக்கும் நடுவில் கோணத்தைக் குறித்தாள். மெல்ல மெல்ல டீச்சர் குரல் ஏறிக்கொண்டது.

"இது படுகதிர். ஏன் அந்தப் பேரு? கண்ணாடி மேல போய்ப் படுது. படுத்துட்டு அங்கயே தூங்குதா? இல்ல, உடனே எழுந்திரிச்சு ஓடுது. படுத்தா எழுந்திரிக்காதது நம்ம கடைசி பெஞ்சு மட்டும்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் கடைசி பெஞ்சில் யார் இருக்கிறார் என்பது அவளுக்கு உறைத்தது. யாரோ "செத்தடி" என்று முணுமுணுத்தார்கள்.

இந்தக் கடி டீச்சருடையது அல்ல. எங்கேயும் கேட்டதும் இல்லை. இவளாகவே செய்தது.

"கோணத்தைத் தப்பா போட்டிருக்கே" என்றார் டீச்சர். "கண்ணாடியிலேருந்து அளக்கக் கூடாது. நடுவுல செங்குத்தா ஒரு கோடு போடு. அதுலேருந்து அள."

ரேடியோ அழித்துவிட்டுச் சரியாகப் போட்டாள். வகுப்பு குனிந்து வரைந்துகொண்டது. பிறகு இன்னொரு கடி வந்தது. அது படு மட்டம். வகுப்பு ஊளையிட்டது. அந்தச் சத்தத்துக்குத் தலைமையாசிரியர் வந்துவிட்டார்.

"என்ன இது, கிளாஸா சந்தைக்கடையா? டீச்சர் எங்கே?"

"இங்க இருக்கேன் சார்" என்று கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தார் டீச்சர். "பாடம் நடக்குது."

"யாரும்மா நடத்துறது?"

"நான்தான் சார்" என்று டீச்சர் கரும்பலகை முன் நின்ற ரேடியோவைக் காட்டினார்.

வகுப்பு வெடித்தது. தலைமையாசிரியரே வாயைக் கையால் மூடிக்கொண்டார். டீச்சர் அதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். எதற்கு இப்படிச் சிரிக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு தலைமையாசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தணிவாகப் பேசினார். "இன்னும் கொஞ்ச நாள் லீவு எடுத்துக்குங்கம்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"வீட்டுல இருந்து என்ன சார் பண்றது?"

தலைமையாசிரியர் மேசையிலிருந்த தண்ணீரை டீச்சர் பக்கம் நகர்த்தினார். டீச்சர் குடித்தார்.

சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் ரேடியோ காத்துக்கொண்டிருந்தாள். "என் மேல கோவமா டீச்சர்?"

"இல்ல."

"சிரிப்பும் வரலியா?"

"வரல." டீச்சர் சற்று யோசித்தார். "கடி நல்லாத்தான் இருந்துது. ஆனா நீ அவசரப்பட்டுட்டே. 'தூங்குதா'ன்னு கேட்டுட்டுக் கொஞ்சம் நிறுத்தணும். புள்ளைங்க மனசுக்குள்ள பதில் தேடும். அப்புறம் போடணும்."

"எவ்வளவு நேரம் டீச்சர் நிறுத்தணும்?"

"சொல்லு, பாக்கலாம்."

ரேடியோ புத்தகப்பையை இறக்கி வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் இல்லாமல், கேட்டுக்கொண்டிருந்தார்.