மொலோகியாவுக்கு ஓர் அளவு

என் கணவர் ஷௌகியின் நெஞ்சில் ஓர் உலோக வால்வு இருக்கிறது. அறை அமைதியாக இருந்தால் அது டிக் டிக்கென்று அடிப்பது எனக்குக் கேட்கும். மற்றப் பெண்கள் புருஷன் எங்கே போனான் என்று தேடுவார்கள். எனக்கு அந்தத் தொல்லை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வால்வில் ரத்தம் கட்டாமலிருக்க அவர் தினமும் மாத்திரை போட வேண்டும். மாத்திரையின் வேலை குறைந்தால் ரத்தம் உறைந்து வால்வை அடைக்கும், அல்லது மூளைக்கு ஏறும். கூடினால் சின்னக் கீறலுக்கும் நிற்காமல் ஒழுகும். ஷௌகி துமியாத் சந்தையில் மீன் விற்கிறவர். கத்தியோடும் முள்ளோடும்தான் பிழைப்பு.

கீரை அந்த மாத்திரையை அடக்கிவிடும், கவனம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றே வீட்டில் மொலோகியாக் கீரைக் குழம்பை நிறுத்தினேன். எகிப்துக்காரனுக்கு மொலோகியா இல்லை என்பது பெரிய தண்டனைதான். ஆனால் எனக்கு உள்ளூர நிம்மதி. தாளித்த பூண்டை அந்தக் கீரையில் கொட்டும்போது, சமைக்கிறவள் 'ஹா' என்று மூச்சை இழுத்துப் பதற வேண்டும். இல்லாவிட்டால் கீரை அடியில் தங்கிவிடுமாம். எனக்கு அந்தக் கூத்தெல்லாம் வராது. கல்யாணமான புதிதில் என் நாத்தனார் இஹ்ஸான், விருந்தாளிகள் முன்னால் என் பாத்திரத்தைக் கிளறிப் பார்த்து, "பாவம், இவளுக்கு மூச்சே இல்ல" என்றாள். அதோடு எங்கள் பேச்சு நின்றது.

போன முறை ரத்தப் பரிசோதனை முடிந்ததும் டாக்டர் மெர்வத் முகம் சுளித்தார்.

"மாத்திரை சரியா வேலை செய்யல. ரத்தம் சீக்கிரமா உறையுது. கீரை சாப்பிடறாரா?"

"அல்லா மேல ஆணையா இல்ல. எங்க வீட்டுல பச்சையா இருக்கறது திரைச்சீலை மட்டும்தான்."

ஷௌகி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம், ஷௌகி கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். மீன் முள் குத்தியதாம். பக்கத்துக் கடைக்காரன் காயத்தில் காபித்தூளை அப்பியிருந்தான். காபித்தூளையும் துண்டையும் மீறி ரத்தம் சொட்டியது. வாயைத் திறந்தால் ஈறெல்லாம் சிவப்பு. "எப்பலேர்ந்து?" என்றேன். "காலைலேர்ந்து. நீ பயப்படுவேன்னு சொல்லல" என்றார். நான் பயப்பட்டேன்.

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். மாத்திரையை நிறுத்தி, மாற்று மருந்து கொடுத்து, ரத்தம் நின்ற பிறகு டாக்டர் மெர்வத் கட்டிலருகில் வந்தார்.

"தலைக்குள்ள கசிஞ்சிருந்தா இப்ப இவர் பேசிட்டிருக்க மாட்டார். வலிக்கு, காய்ச்சலுக்குன்னு ஏதாவது மாத்திரை வாங்கிப் போட்டாரா?"

"இல்ல."

"அப்ப வழக்கமா சாப்பிடற கீரைய திடீர்னு விட்டிருக்கணும்."

"சாப்பிட்டாத்தானே விடறதுக்கு?"

"ஹானி அம்மா, ரத்தத்துக்குப் பொய்ச் சத்தியம் பண்ணத் தெரியாது."

ஷௌகி மேலே பார்த்தபடி சொன்னார்: "இஹ்ஸான் மக்காவுக்கு உம்ரா போயிருக்கா."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"மத்தியானம் ஏலம்னு சொல்லிட்டுப் போனது அவ வீட்டுக்கா?"

"ஏலமும் உண்டு."

ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. இந்த உடம்பில் எங்கே அடித்தாலும் கன்றிப்போகுமே என்று கையை மடக்கிக்கொண்டேன். பிறகு அழுதேன். இவர் போயிருந்தால், கீரையே நுழையாத வீட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

"கீரைய நிறுத்தச் சொல்லவே இல்லையே" என்றார் டாக்டர். "வாராவாரம் ஒரே அளவு சாப்பிடட்டும். அதுக்குத் தக்க மாத்திரைய நான் வைக்கறேன். எது மாறினாலும் எனக்குத் தெரியணும். ஒளிச்சு சாப்பிட்டா நான் எதுக்கு மருந்து கொடுக்கறது?"

வெளியே வந்து மக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

"அண்ணி, நஜாத் பேசறேன்."

"தம்பி உயிரோட இருக்கானா?"

"இருக்கார். மொலோகியா எத்தன கரண்டி போடுவீங்க?"

இஹ்ஸான் அழுதாள். "கேக்கறப்பெல்லாம் போட்டேன். நீ அவனக் காயப்போடறேன்னு சொன்னான்டி."

"சொல்லுவார். திரும்பி வந்ததும் மீன் போடுங்க, கோழி போடுங்க. கீரை இனிமே என் வீட்டுல."

"நீயா சமைக்கப்போற?"

அந்தக் குரலைக் கேட்டு ஃபோனை வைத்துவிடத் தோன்றியது. வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை மொலோகியா வைத்தேன். ஷௌகி சமையலறை நாற்காலியில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். டிக் டிக் கேட்டுக்கொண்டிருந்தது. நெய்யில் பூண்டு சிவந்ததும் எடுத்துக் கீரையில் கொட்டினேன். அந்தச் சீறலில் டிக் டிக் மறைந்துபோனது. திரும்பினேன். அவர் தலை தொங்கியிருந்தது.

"ஹா!"

இழுத்த மூச்சு உள்ளே போய்த் திரும்பி வரவில்லை. ஷௌகி ஒரு கண்ணைத் திறந்தார்.

"இத இஹ்ஸான் கேட்டிருக்கணும்."

கரண்டியை எடுத்து, டாக்டர் சொன்ன அளவை அவர் தட்டில் ஊற்றினேன். இன்னும் ஒரு கரண்டி கேட்டார். கொடுக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, அந்த டிக் டிக் மறுபடி கேட்கிறவரைக்கும் அவர் பக்கத்திலேயே நின்றேன்.