அரஞ்சான் முள்

மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை சிவபிரகாஷ் தன் மகளைப் பார்க்கலாம் என்று கோர்ட்டில் சொல்லியிருந்தார்கள். பெண் வீட்டார் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். என் தங்கை பிரபா அவன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றுவிட்டாள். எங்கள் அப்பாவுக்கு முழங்கால் வலி. ஆக, அது தாய்மாமனான என் தலையில், இந்தக் காளியண்ணன் தலையில் விழுந்தது. எனக்குத் திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் லாரிகளுக்கு உதிரிபாகம் விற்கிற கடை. ஞாயிற்றுக்கிழமைதான் சரக்கு அடுக்க நேரம். அதை விட்டுவிட்டுப் பிடிக்காத ஆளோடு ஏழு மணி நேரம் உட்கார்ந்திருப்பது என்ன பிழைப்பு என்று அலுத்துக்கொண்டேதான் போவேன்.

பிடிக்காமல் போனது சும்மா இல்லை. சேர்ந்து வாழ்ந்ததாகச் சொல்லப்படுகிற எட்டு வருடத்தில் ஆறு வருடம் அவன் ரிக்கோடு சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் கிடந்தான். மகள் தீபிகா பிறந்து நாற்பதாம் நாள்தான் வந்து முகம் பார்த்தான். பிரபா ஒண்டியாகப் பெற்று ஒண்டியாக வளர்த்தாள். வழக்குப் போட்டபோது அவனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தது நான்தான். குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாதவன், கடைவீதியில் பாப்பாவைத் தொலைத்தவன் என்றெல்லாம் எழுதினேன். அவள் உண்மையில் அடுத்த கடையில் ஐந்து நிமிடம் பொம்மை பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். வழக்கு என்றால் கொஞ்சம் கூட்டித்தான் எழுத வேண்டும் என்றார் வக்கீல். எனக்கும் அது ஒன்றும் உறுத்தவில்லை.

இப்போது அவன் ரிக்கை விட்டுவிட்டு, ஊரிலேயே லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிறான். அரையாண்டு லீவில் ஒரு வாரம் பாப்பா தன்னோடு இருக்க வேண்டும் என்று மனுப் போட்டிருந்தான். பத்தாம் தேதி விசாரணை. "அதுக்குள்ள ஏதாச்சும் ஒண்ணு நடந்தாச் சொல்லுங்க. அந்த ஒண்ணு போதும், லீவும் கெடையாது, ஞாயித்துக்கெழமையும் கெடையாது" என்று வக்கீல் பிரபாவிடம் சொல்லியிருந்தார். டிசம்பர் முதல் ஞாயிறு நான் கிளம்பும்போது அவள் கார் வரைக்கும் வந்தாள்.

"கண்ணு மூடாமப் பாத்துக்கண்ணா."

தீபிகாவுக்குப் படகில் போக வேண்டுமாம். அதனால் பூலாம்பட்டி. கதவணை கட்டித் தேக்கியதில் காவிரி அங்கே நகராமல் அகலமாக நிற்கும். அக்கரையில் நெரிஞ்சிப்பேட்டை. ஞாயிறு என்றாலும் கூட்டமில்லை. கரையில் பரிசல்களைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள், ஒருவர் வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். படகில் பாப்பா அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தண்ணீரில் முதலை இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது, மீன் விலை கேட்டுவிட்டு ஓடிப்போய்விட்டது என்றான். அவள் சிரித்த சிரிப்பில் படகோட்டியே திரும்பிப் பார்த்தார். என் வீட்டில் இரண்டு வருடமாக இருக்கிற பிள்ளை. நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

பூலாம்பட்டிக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் மீனுக்காகத்தான் வருகிறார்கள். கரையில் மீனை வாங்கி, வெட்டி வாங்கிக்கொண்டு, எதிர்க் கொட்டகையில் கொடுத்தால் மசால் தடவி வறுத்துத் தருவார்கள். நாங்கள் போனது கந்தம்மாள் என்பவரின் கொட்டகை. மீனையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

"வெரால் இருக்குதுங்களா?" என்று கேட்டான் சிவபிரகாஷ்.

"இருக்குது சாமி. சின்னப் புள்ளைக்குன்னா அதையே வாங்குங்க. நடுமுள்ளு ஒண்ணுதான்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "வெரால எங்க வேணும்னாலும் திங்கலாமுங்க. ஆத்துக்கு வந்து அரஞ்சான் திங்காமப் போறதுக்கு ஊட்டுலயே இருந்துக்கலாம். எனக்கு அரஞ்சான் ஒரு கிலோ போடுங்க."

"ருசிக்கு அதுதானுங்க. ஆனாக் கவட்டை முள்ளு நெறைய. பாத்துத் திங்கோணும்."

"நாங்க திங்காத அரஞ்சானா?" என்றேன்.

வறுத்து வந்தது. சிவபிரகாஷ் விராலைப் பிட்டு, ஒவ்வொரு துண்டையும் கட்டைவிரலால் நசுக்கிப் பார்த்துத்தான் மகள் தட்டின் ஓரத்தில் வைத்தான். அவன் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. எனக்குக் காட்டுவதற்காகத்தான் இந்தக் கூத்தெல்லாம் என்று நினைத்தேன்.

"மாமா, உங்க மீனு நல்லாருக்குதா?" என்றாள் தீபிகா.

"உங்கப்பன் மீன விட நல்லாருக்குது. வா, ஊட்டி உடறேன்."

"வேண்டாங்க மச்சான், அதுல முள்ளு..." என்றான் அவன்.

"எனக்குத் தெரியுமுங்க மாப்ள. நீங்க உங்க தட்டப் பாருங்க."

முதல் வாய் கொடுத்தேன். சூப்பர் மாமா என்றாள். இரண்டாவது வாய்க்கு என் மடியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டாள். மூன்றாவது வாயில் நான் மீனைப் பார்க்கவில்லை. அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை இருமினாள். பிறகு இரும முடியாமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். கந்தம்மாள் ஓடிவந்து வெறும் சோற்றை உருட்டி விழுங்கச் சொன்னார். பிறகு வாழைப்பழம் கொடுத்தார். முள் இறங்கவில்லை. துப்பியதில் லேசாகச் சிவப்புத் தெரிந்தது. சிவபிரகாஷ் அவளைத் தூக்கிக்கொண்டு என் காரை நோக்கி ஓடினான்.

எடப்பாடி வரைக்கும் நான்தான் ஓட்டினேன். பின்னால் அவன் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. "முழுங்காத சாமி. எச்சி வந்தாத் துப்பிரு. அப்பா கையிலயே துப்பு." அவள் வழியெல்லாம் அவன் உள்ளங்கையில் துப்பிக்கொண்டு வந்தாள். என்னை அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி ஆறியிருப்பேன்.

ஒரு கிளினிக்கில் டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, இடுக்கியால் இழுத்து, பஞ்சில் வைத்துக் காட்டினார். நகக்கண் அளவுதான் முள். புண் ஆறும்வரை குளிர்ச்சியாக ஏதாவது கொடுங்கள் என்றார். வெளியே வந்ததும் அவன் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான். கிளினிக் படியில் பாப்பா அவன் மடியில் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தபோது பிரபாவின் போன் வந்தது. நான் கொஞ்சம் தள்ளிப் போய் எடுத்து, முள் மாட்டியதையும் எடுத்ததையும் சொன்னேன்.

அவள் அழுதாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "அவன் குடுத்தானா?"

ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. நான் சும்மா இருந்தாலே போதும், ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குத் திரும்பிவிடும். ஒரு நொடி சும்மாதான் இருந்தேன்.

"நான்தான் குடுத்தேன் அம்மிணி" என்றேன்.

"பக்கத்துல நிக்கறானா? அவனுக்கு எதுக்குண்ணா வக்காலத்து வாங்கற?"

"நெசமாத்தான். அரஞ்சான் வாங்குனதே நானு."

"புள்ளையப் பாக்கத் துப்பில்லாதவன்னு நீதானே எழுதுன? கடைவீதியில தொலைச்சான்னு எழுதுனது யாரு? போனப் பாப்பாகிட்டக் குடு."

என் எழுத்தை அவள் அப்படியே நம்பியிருந்தாள். நான் திரும்ப வந்து ஸ்பீக்கரைப் போட்டுப் பாப்பாவிடம் நீட்டினேன்.

"உனக்கு யாரு சாமி மீனு ஊட்டுனது?"

"மாமா." குரல் கம்மியிருந்தது.

"அப்பா அப்படிச் சொல்லச் சொன்னாரா?"

"இல்ல. மாமாதான்."

"பயப்படாத கண்ணு. அம்மாகிட்ட நெசத்தச் சொல்லு. யாரு?"

பாப்பா என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். ஐஸ்கிரீம் உருகி மணிக்கட்டில் வழிந்தது. இரண்டு தரம் சொன்னது சரியான விடை இல்லையென்றால் வேறு எது என்று, வகுப்பில் எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி யோசித்தாள்.

"அப்பாவா?" என்றாள்.

சிவபிரகாஷ் போன் பக்கம் குனிந்தான். இரண்டு வருடமாக அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஆமா பிரபா, நான்தான் குடுத்தேன். புள்ளையக் கேக்காத."

"கேட்டியாண்ணா?" என்றாள் பிரபா. "அவன் வாயாலயே வந்திருச்சு. பத்தாந் தேதி இதைச் சொன்னாப் போதும்." போனை வைத்துவிட்டாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "எதுக்குங்க மாப்ள அப்படிச் சொன்னீங்க? பத்தாந் தேதி என்னாகும்னு தெரியாதா?"

"தெரியுமுங்க மச்சான்." மகளின் மணிக்கட்டைத் தன் கைக்குட்டையால் துடைத்தான். "இல்லீன்னா ஊட்டுக்குப் போயும் கேப்பாங்க. ராத்திரி படுக்கறவரைக்கும் கேப்பாங்க. இவ என்ன பண்ணுவா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அவனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவன் நான். அதில் இந்த ஆள் எங்குமே இல்லை.

பத்தாம் தேதி நான் பூலாம்பட்டியில் நடந்ததை அப்படியே சொன்னேன். கடைவீதிக் கதை நான் கூட்டி எழுதியது என்பதையும் சேர்த்தே சொன்னேன். கோர்ட்டில் எழுதிக் கொடுப்பதென்றால் விளையாட்டா என்று நீதிபதி எல்லோர் முன்னாலும் கேட்டார். வாங்கிக் கட்டிக்கொண்டேன். எங்கள் வக்கீல் வழக்குக் கட்டை மூடி வைத்துவிட்டு என் பக்கமே திரும்பவில்லை. அவனுக்கு ஒரு வாரம் கிடைத்தது. பிரபா என் காரில் ஏறாமல் பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

லீவு விட்ட மறுநாள் காலை, பாப்பாவை அவன் வீட்டில் கொண்டுபோய் விடக் கிளம்பினோம். பிரபா பையைப் பின்சீட்டில் பாப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஸ்வெட்டர் இருக்கிறதா என்று திறந்து பார்த்தாள், மூடினாள். கதவைச் சாத்தாமல் அங்கேயே நின்றாள். பிறகு மகளின் தலையைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அன்னிக்கு நீ சொன்னது நெசந்தான் சாமி. அம்மாதான் நம்பல."

"எனக்குத் தெரியும்" என்றாள் பாப்பா. "அப்பறம் அப்பா எதுக்கும்மா நான்தான் குடுத்தேன்னு சொன்னாங்க?"

பிரபா பதினைந்து நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். நீயாவது சொல்லேன் என்று கேட்கிற பார்வை. நான் வண்டியைக் கிளப்பினேன்.